பாக்கெட் இல்லாத சட்டை

அத்தியாயம் பதினேழு

துணைத்தலைவர் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். இதைக் காரை நிறுத்தும்போது ஒரு தடவை சொன்னார். துணிக்கடைப் படி ஏறும்போது ஒரு தடவை சொன்னார். உள்ளே போய் ஏசிக்கு நேர் கீழே நின்றுகொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, இன்னொரு தடவையும் சொன்னார். அவர் அரை நாள் இல்லாவிட்டால் ஊரில் பணப்புழக்கமே நின்றுவிடும் என்று நினைப்பு.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் வாத்தியார் பதினாலு வருஷம் டியூஷன் சென்டரில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். நாற்பது வயதில் பரீட்சை எழுதி, மூன்று சுற்று இன்டர்வியூ தாண்டி, ஒரு நிதி நிறுவனத்தில் வேலை வாங்கியிருக்கிறார். திங்கட்கிழமை சேர வேண்டும். அவர் படித்த இரண்டு வருஷமும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இரண்டு ஷிப்ட் பார்த்து வீட்டை ஓட்டியவள் அவர் மனைவி, நம் சின்னவள்.

அவளுடைய அக்கா புருஷன்தான் இந்தத் துணைத்தலைவர். வாத்தியாருக்குச் சகலை. அதே நிறுவனத்தில் பதினோராவது மாடியில் உட்கார்ந்திருக்கும் மகானுபாவர். வேலைக்கான கடிதம் வந்த அன்று வீட்டுக்கு வந்து, காபியைக் குடித்து, உதட்டைத் துடைத்துக்கொண்டு, "நான் ஒரே ஒரு வார்த்தை சொன்னேன், உனக்குக் கிடைச்சிருச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளே மாமனார் வீடு முழுக்கத் தண்டோரா.

வாத்தியாருக்கு அன்று போன தூக்கம் இன்னும் வரவில்லை. "அவர் சொல்லித்தான் கிடைச்சுதுன்னா எனக்கு இந்த வேலையே வேண்டாம்" என்று ஆறு நாளாக ஒரே பாட்டு. டியூஷன் சென்டரிலோ அவர் நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்தாகிவிட்டது. 

துணைத்தலைவர் என்றதும் பெரிய பதவி என்று மிரண்டுவிடாதீர்கள். அந்த ஒரு மாடியில் மட்டும் முப்பத்தொரு துணைத்தலைவர்கள் இருக்கிறார்கள். தண்ணீர் பிடிக்கப் போனால் நாலு பேருக்கு வழிவிட்டுத்தான் போக வேண்டும்.

"முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோ சகலை," என்றார் அவர், அடுக்கி வைத்த சட்டைகளைத் தளபதி மாதிரிப் பார்வையிட்டபடி. "ஃபைனான்ஸ்ல சட்டைதான் பேசும். ஆளு அப்புறம்தான்."

வாத்தியார் தலையாட்டினார். இந்த மனுஷனிடம் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம் இதுதான். ஒரு கணக்கில் ஒரு புள்ளி தப்பாக இருந்தால் பொறுக்க மாட்டார். எதிரே நின்று ஒருவன் ஒரு மணி நேரம் உளறினால் மட்டும் மண்டையை மண்டையை ஆட்டுவார்.

கடைக்காரர் வந்தார். ஐம்பது ஐம்பத்தைந்து வயது, கழுத்தில் அளவு டேப், முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாத ஒரு மரியாதை.

"கழுத்து அளவு என்ன சார்?"

வாத்தியார் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். "முப்பத்தொன்பதரை சென்டிமீட்டர். மூணு தடவை அளந்து சராசரி எடுத்தேன்."

கடைக்காரர் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தார். பிறகு டேப்பைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தார். "அப்படியே இருக்கு சார். பதினஞ்சரை இஞ்ச்."

"பதினஞ்சு குடுங்க," என்றார் துணைத்தலைவர். "காலர் இறுக்கிப் பிடிக்கணும். அப்பத்தான் ஒரு கெத்து."

"மூச்சு விடணுமே அண்ணே."

"எங்க ஆபீஸ்ல எவன் மூச்சு விடறான்?" சொல்லிவிட்டு அவரே சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததைக் கவனிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

"காலருக்குள்ள ரெண்டு விரல் போய் வரணும் சார்," என்று கடைக்காரர் வாத்தியாரைப் பார்த்து மட்டும் சொன்னார். பதினைந்தரையையே எடுத்து மேஜைமேல் வைத்தார்.

சின்னவள் இதற்குள் ஒரு சட்டையைக் கையில் எடுத்துவிட்டாள். வெளிர்நீலம், கண்ணை உறுத்தாத மெல்லிய கோடு, இடது மார்பில் ஒரு பாக்கெட். வாத்தியாருக்குப் படிக்கிற கண்ணாடி வைக்கப் பாக்கெட் வேண்டும். இல்லாவிட்டால் அதை எங்கேயாவது வைத்துவிட்டு வீட்டையே புரட்டிப்போடுவார்.

"இது நல்லா இருக்குல்ல?"

துணைத்தலைவர் அந்தச் சட்டையை இரண்டு விரலால் தூக்கினார், செத்த எலியைத் தூக்குவது போல. "பாக்கெட்டா? பாக்கெட் வச்ச சட்டையைக் குமாஸ்தா போடுவான்மா. பஸ் டிக்கெட்டு, பேனா, சீப்பு எல்லாம் அதுல சொருகிக்குவான். எங்க மாடியில ஒருத்தன் சட்டையிலயாவது பாக்கெட் பார்க்க முடியுமா? என்னையே பாரு."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். கடைக்காரரும் பார்த்தார். கொஞ்சம் கூடுதலாகவே குனிந்து பார்த்தார்.

"சார், இது நம்ம கடைச் சட்டைதான்," என்றார் பணிவாக. "போன வருஷம் தள்ளுபடியில எட்டு எடுத்தீங்க. எட்டுலயும் பாக்கெட்டைப் பிரிச்சுத் தரச் சொன்னீங்க. நான்தான் பிரிச்சேன். ஊசித் துளை துவைக்கத் துவைக்க மறைஞ்சுடும்னு சொல்லியிருந்தேன், இன்னும் மறையல போலிருக்கு. மன்னிச்சுக்கோங்க."

இடது மார்பில், சதுரமாக, மங்காத துணி பளிச்சென்று தெரிந்தது. ஓரத்தில் வரிசையாக ஊசித் துளைகள். எத்தனை நாளாக இதைப் போட்டுக்கொண்டு ஊருக்கு உபதேசம் பண்ணிக்கொண்டிருந்தாரோ!

சின்னவள் சட்டென்று திரும்பி ஒரு கைக்குட்டை அடுக்கை மும்முரமாகப் பார்க்க ஆரம்பித்தாள். அவள் தோள் குலுங்கியது. வாத்தியார் சிரிக்கவில்லை. அவர் அந்தச் சதுரத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு, பாவம் என்று நினைத்தார். அந்தப் பாவத்துக்கு இந்த ஆள் தகுதியா என்பதை மதியத்துக்குள் நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

கடைசியில் ஐந்து சட்டைகள். இரண்டு வெள்ளை, இரண்டு நீலம், ஒரு கோடு. ஐந்திலும் பாக்கெட். சின்னவள் தேர்ந்தெடுத்தாள், சின்னவளே பணம் கொடுத்தாள். அன்றே ஆபீஸில் சான்றிதழ் பார்த்து, அடையாள அட்டைக்குப் போட்டோவும் எடுப்பார்கள் என்பதால், ஒரு வெள்ளையைக் கடைக்காரர் பிரித்தார். குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, காலருக்குள் இருந்த அட்டையை உருவி, மடிப்பு போக இஸ்திரி போட்டுக் கொடுத்தார். வாத்தியார் அதைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது சின்னவள் பார்த்துக்கொண்டே நின்றாள். கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில் அவரை இப்படி அவள் பார்த்ததில்லை. 

"ஏதோ பரவாயில்ல," என்றார் துணைத்தலைவர். "நான் ஒருத்தன் இருக்கேன்ல, மேனேஜ் பண்ணிக்கலாம்."

காரில் ஏறினார்கள். நிறுவனத்தின் கட்டடத்துக்கு ஒரு தெரு முன்னாலேயே அவர் வண்டியை ஓரங்கட்டினார்.

"ரெண்டு பேரும் இங்க இறங்கி நடந்து போயிடுங்க. நான் அஞ்சு நிமிஷம் கழிச்சு வரேன். உள்ள என்னைப் பார்த்தா 'அண்ணே'ன்னு கூப்பிடாதே. லிஃப்ட்ல பார்த்தாலும் பேசாதே. ஆபீஸ்னா அதுக்குன்னு ஒரு முறை இருக்கு."

வாத்தியார் தலையாட்டினார். நான் என்ன செய்ய, அவர் அப்படித்தான்.

ஏழாவது மாடியில் ஹெச்.ஆர். மேடம் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். முப்பது வயதிருக்கும். தேவையில்லாமல் சிரிக்காத பெண்.

"எல்லாம் சரியா இருக்கு சார். ஒரே ஒரு கட்டம்தான் இடிக்குது."

விண்ணப்பத்தின் நாலாவது பக்கம். 'நிறுவனத்தில் உங்கள் உறவினர் எவரேனும் பணிபுரிகிறாரா?' உலகத்தில் எல்லோரும் காலியாக விட்டுவிட்டு அடுத்த பக்கம் போகிற கட்டம் அது. வாத்தியாருக்குக் காலி இடத்தைக் கண்டால் ஆகாது. விடைத்தாளில் வெறும் இடம் விட்ட பிள்ளைகளைப் பதினாலு வருஷமாகக் கரித்துக் கொட்டியவர் ஆயிற்றே. 'மனைவியின் மூத்த சகோதரியின் கணவர், பதினோராவது மாடி' என்று எழுதியிருந்தார். அது போதாதென்று, புரியாமல் போய்விடப் போகிறது என்று ஓரத்தில் மாமனார், மாமியார், இரண்டு பெண்கள், இரண்டு மாப்பிள்ளைகள் என்று கோடு போட்டுக் குடும்பப் படம் வேறு வரைந்து வைத்திருந்தார்.

"விதிப்படி அவரையும் கேட்டோம் சார். அவர் எழுதிக் கொடுத்த பதில் இது. ரெண்டும் வேற வேற ஃபைல்ல இருந்தது. நேத்துதான் சேர்த்து வச்சுப் பார்த்தேன்."

அவள் ஒரு தாளை அவர் பக்கம் திருப்பினாள்.

'மேற்படி நபரை எனக்குத் தெரியாது. அவருக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை.' கீழே சகலையின் கையெழுத்து. கல்யாணப் பத்திரிகையில் போடுவது மாதிரி அதற்கு ஒரு சுழி வேறு. தேதி, வேலைக்கான கடிதம் வருவதற்கு நாலு நாள் முன்னால்.

ஆக, அந்த ஒரே ஒரு வார்த்தை இதுதான். தெரியாது.

எழுதிக் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் வீடு தேடி வந்து, சின்னவள் கையால் காபி வாங்கிக் குடித்துவிட்டுப் போயிருக்கிறான். இவனுக்கெல்லாம் 'ர்' என்ன கேடு? சரி, பத்திரிகை நாகரிகத்துக்காக 'அவர்' என்றே எழுதித் தொலைக்கிறேன்.

வாத்தியார் தாளை இரண்டு தடவை படித்தார்.

"அப்ப இவர் எனக்காகச் சிபாரிசு எதுவும் பண்ணலையா?"

"சிபாரிசா? தெரியவே தெரியாதுன்னு எழுதினவர் எப்படி சார் சிபாரிசு பண்ணுவார்? எழுத்துத் தேர்வுல நூத்தி எழுபது பேர்ல நீங்கதான் முதல். அதனால எடுத்தோம்."

வாத்தியார் சிரித்தார். வாய்விட்டு, வயிறு குலுங்க. ஆறு நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் ஒரே நொடியில் இறங்கிவிட்டது. வேலை அவருடையது. முழுக்க முழுக்க அவருடையது. சகலையே கையெழுத்துப் போட்டு அதற்கு அத்தாட்சி கொடுத்திருக்கிறார்.

"இது சிரிக்கற விஷயம் இல்ல சார்," என்றாள் மேடம். "ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் எழுதியிருக்கீங்க. உறவு இருக்கறது தப்பே இல்ல, நீங்க வேற பிரிவு. ஆனா இந்த முரண்பாட்டை வச்சுக்கிட்டு உங்களைத் திங்கக்கிழமை சேர்க்க முடியாது. தவறுதலா எழுதிட்டேன்னு இந்தக் கட்டத்தை அடிச்சு, 'இல்லை'ன்னு போட்டுக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கன்னா இன்னிக்கே முடிஞ்சுது."

"நான் எழுதினது நிஜம்னா?"

"விசாரணைக்குப் போகும். அவர் ஒத்துக்கலைன்னா மாசக்கணக்கா இழுக்கும். அதுவரைக்கும் இடத்தைப் பிடிச்சு வைப்பாங்களான்னு என்னால சொல்ல முடியாது. ரெண்டு தாளையும் வச்சுக்கோங்க, ரெண்டு மணிக்குள்ள முடிவு பண்ணிட்டுக் கொண்டு வாங்க சார்."

கீழே வரவேற்புக் கூடத்தில் சின்னவள் சட்டைப் பைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாத்தியார் இரண்டு தாளையும் அவளிடம் கொடுத்து, நடந்ததைச் சொன்னார். அவள் முகம் முதலில் வெளுத்தது. அப்புறம் சிவந்தது. போனை எடுத்தாள்.

"மாமா, கீழ வாங்க."

"மீட்டிங்ல இருக்கேன்மா."

"சரி, அப்ப நான் மேல வரேன். பதினொண்ணுதானே?"

இரண்டே நிமிஷத்தில் ஆள் ஆஜர். நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு, தூணுக்குப் பின்னால் நின்றபடி பேசினார். தாளைக் கண்டதும் நெற்றியில் வேர்த்துவிட்டது.

"இதை ஏன் சகலை அங்க எழுதினே? அந்தக் கட்டத்துல எவனாவது எழுதுவானா? லூசா நீ?"

"நீங்க எங்களைத் தெரியாதுன்னு எழுதியிருக்கீங்க," என்றாள் சின்னவள்.

"நிலைமை தெரியாமப் பேசாதம்மா. அடுத்த மாசம் எனக்கு ப்ரமோஷன் கமிட்டி. அதுல உட்கார்றவங்க எல்லாம் எப்பேர்ப்பட்ட குடும்பம் தெரியுமா? என் சகலை ஒரு டியூஷன் வாத்தியார்னு என் ஃபைல்ல ஏறணுமா? இவரு இந்த வேலையில தேறுவாருன்னு அப்ப நான் என்ன கனவா கண்டேன்?"

எவ்வளவு பச்சையாகச் சொல்கிறார் பாருங்கள். கூச்சமே இல்லை.

"தேறினதும் வந்து, நான் சொல்லித்தான் கிடைச்சுதுன்னு சொன்னீங்களே?"

"அது... வீட்டுல ஒரு மரியாதைக்குச் சொல்றதும்மா. விடு. இப்ப என்ன, ஒரு கோடு அடிச்சு 'இல்லை'ன்னு எழுதணும், அவ்வளவுதானே? எழுதிட்டா திங்கக்கிழமை ஜம்முனு வந்து உட்காரலாம். எனக்கும் நல்லது, உனக்கும் நல்லது." பேனாவைத் தேடிக் கை தன்னிச்சையாக மார்புக்குப் போனது. அங்கேதான் ஒன்றும் இல்லையே. பேன்ட் பையைத் துழாவி எடுத்து நீட்டினார்.

வாத்தியார் பேனாவை வாங்கிக்கொண்டார். சின்னவளைப் பார்த்தார்.

இரண்டு வருஷம் இரண்டு ஷிப்ட். நின்று நின்று வீங்கிப்போன கால். ஊரார் கையில் ஊசி குத்திக் குத்தி மரத்துப்போன விரல். ஒரு கோடு போட்டால் எல்லாம் சரியாகிவிடும். அவள் வாயில் அந்த வார்த்தை வந்தேவிட்டது.

"போட்டுடுங்க," என்றாள் மெல்ல.

"போடறேன். ஆனா ஒண்ணு சொல்லு. இதுல நான் 'இல்லை'ன்னு எழுதினா, உன் அக்கா உனக்கு அக்கா இல்லைன்னு எழுதறேன். நீ எழுதுன்னா எழுதறேன். எழுதட்டுமா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. முதல் தடவையாக, தலையையும் ஆட்டவில்லை.

சின்னவள் அவர் கையிலிருந்து பேனாவை உருவினாள். மூடியைப் போட்டாள். துணைத்தலைவரின் உள்ளங்கையில் திருப்பி வைத்தாள்.

"ஏம்மா, புரிஞ்சுதான் செய்யறியா? வேலை போயிடும்!"

"இவருக்கா, உங்களுக்கா?"

லிஃப்ட் திறந்தது. கையில் சாப்பாட்டுப் பையோடு ஹெச்.ஆர். மேடம் வெளியே வந்தாள். துணைத்தலைவர் அப்படியே திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். சுவரில் தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி மாட்டியிருந்தது. அதை மனப்பாடம் பண்ணுகிறவர் மாதிரி வாசித்துக்கொண்டிருந்தார். சே, ஒரு மனுஷனுக்கு இவ்வளவு பயம் ஆகாது.

மேடம் வாத்தியாரைப் பார்த்தாள். சின்னவளைப் பார்த்தாள். சுவரோரம் நின்ற முதுகைப் பார்த்தாள்.

"சார், நீங்களா? இவங்களைத் தெரியுமா உங்களுக்கு?"

துணைத்தலைவர் திரும்பினார். முகத்தில் அசட்டுச் சிரிப்பு. "இல்ல மேடம். போட்டோ எங்க எடுக்கறாங்கன்னு வழி கேட்டாங்க. சொல்லிக்கிட்டிருந்தேன்."

காலையில் தன் காரில் கூட்டி வந்த கொழுந்தியாளை, மூன்றடி தூரத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்.

சின்னவள் போனில் ஓர் எண்ணை அழுத்தினாள், ஸ்பீக்கரைப் போட்டாள்.

"அக்கா, சாப்பிட்டியா? இங்கதான், ஆபீஸ்ல இருக்கோம். ஆமா, பக்கத்துலதான் நிக்கறார். பேசு." போனை அவருக்கு நேரே நீட்டினாள். "மாமா, அக்கா."

கூடம் முழுக்கக் கேட்டது அந்தக் குரல். "என்னங்க, காலையிலேர்ந்து போனை எடுக்க மாட்டேங்கறீங்க? என் தங்கச்சி வீட்டுக்காரருக்குச் சட்டை எடுத்துக் குடுத்தீங்களா இல்லையா? வாயில என்ன வச்சிருக்கீங்க? ஹலோ!"

ஹெச்.ஆர். மேடம் சாப்பாட்டுப் பையைப் பக்கத்து மேஜைமேல் வைத்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"பேசுங்க சார்," என்றாள். "எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."